வெட்டியெடுத்த மூச்சுகள்

1

இந்தக் கதை, என் மூச்சைத் தேடிக்கொண்டு போன இடத்தில் கிடைத்தது.

என் சிறுகதைகள் சிலவற்றை ஒலிப்புத்தகமாகக் கொண்டுவரலாம் என்று ஒரு சின்னப் பதிப்பகம் கேட்டது. நானே வாசித்தேன். உறையூர் வீட்டில் துணி அலமாரியைத் திறந்துவைத்து, தலைக்கு மேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு, செல்போனில் பதிந்து அனுப்பினேன். வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை என்பதால் யாரும் சிரிக்கவில்லை. சில வாரம் கழித்து, சுத்தம் செய்த ஒலி வந்தது. கொசு இல்லை, மின்விசிறி இல்லை, தெருவில் போன கீரைக்காரம்மா இல்லை. எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஆனாலும் கேட்கக் கேட்க என்னவோ குறைந்தது. மூன்றாவது கதை ஓடும்போதுதான் பிடிபட்டது: வாசிக்கிற ஆள் மூச்சே விடவில்லை. செத்துப்போன ஒருவன் உட்கார்ந்து பிழையில்லாமல் கதை படிப்பது போலிருந்தது.

பதிப்பகத்தில் கேட்டு, அதைச் சுத்தம் செய்தவரின் விலாசம் வாங்கினேன். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து உள்ளே ஒடியும் ஒரு சந்து. மாடி வீடு. படியேறி நின்றபோது எனக்கு வேண்டிய அளவு மூச்சு வாங்கியது. கதவைத் திறந்தவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. கழுத்தில் ஹெட்ஃபோன் தொங்கியது.

“என் மூச்சையெல்லாம் எடுத்துட்டீங்களேம்மா” என்றேன்.

“எல்லாரும் எடுக்கத்தான் சார் சொல்லுவாங்க. வேணும்னா திரும்பப் போட்டுடறேன். வச்சிருக்கேன்.”

“மூச்சக் கூடவா எடுத்து வச்சுக்குவாங்க?”

“முன்னாடியெல்லாம் தூக்கிப் போட்டுடுவேன். ஒரு தடவை ஒருத்தரோட மூச்ச...”

அங்கே நிறுத்திவிட்டார். நான் உட்கார இடம் தேடினேன். [எழுதுகிறவர்கள் அற்பமானவர்கள். பாதியில் நிற்கும் வாக்கியத்தைக் கண்டால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.]

மூன்று நாலு தடவை போய் வந்த பிறகு, எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். “எழுதுங்க. என் பேர் வேணாம்” என்றார். நான் செல்லக்கிளி என்று ஒரு பெயர் சொன்னேன்.

“ஐயோ, கிளின்னா கூண்டு வந்துருமே சார்.”

வராது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கதையில் கூண்டு கிடையாது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கொள்ளிடத்தில் தண்ணீர் வற்றி மணல்திட்டுகள் முதுகு காட்டிக் கிடந்த ஒரு மாசி மாதத்து மாலையில், செல்லக்கிளி ஜன்னலோரம் நின்று

நிறுத்திவிட்டேன். அந்த அறையின் ஜன்னலில் ஒரு பழைய இலவம்பஞ்சு மெத்தை நிமிர்த்திக் கட்டப்பட்டிருக்கிறது, வெளிச்சத்தம் வராமலிருக்க. மெத்தையை எடுத்தாலும் தெரிவது பக்கத்துக் குடியிருப்பின் தண்ணீர்த்தொட்டிதான். கொள்ளிடம் ஊருக்கு அந்தப் பக்கம்.

அப்புறம் இப்படி:

மூச்சு என்பது மனிதன் இந்த உலகத்திடம்

இதுவும் ஆகாது. எப்படித் தொடங்குவது என்று தெரியாதபோதுதான் நான் ‘என்பது’ போடுவேன்.

ஆகவே, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு ஏற்பாடு. நேரில் நான் மரியாதையாகப் பேசிய அந்தப் பெண்மணி, கதைக்குள் வந்ததும் ‘அவள்’ ஆகிவிடுகிறாள். ‘அவர்’ என்ற சொல்லை இன்னொருவருக்காக எடுத்து வைக்கிறேன். அந்த இன்னொருவர் ஆணா பெண்ணா என்று செல்லக்கிளிக்கு வெகுநாள் தெரியாது. தெரியாமலே ஒருவரைப் பற்றி மாதக்கணக்கில் யோசிக்க, தமிழில் ‘அவர்’ என்று ஒரு வசதி இருக்கிறது.

3

செல்லக்கிளி மருங்காபுரிப் பக்கம். அப்பா பிச்சமுத்து மானாவாரியில் சோளமும் கடலையும் போட்டு மகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். படித்துவிட்டுச் சென்னையில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் சேர்ந்தாள். அப்பா காலமான பிறகு அம்மா வீராயிக்கு இருதயம் பலவீனம் என்றார்கள். ஊரில் தம்பி செந்தமிழன் இருந்தான். ஆனால் அவசரமென்றால் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவே பொழுது போய்விடும். செல்லக்கிளி வேலையை விட்டுவிட்டு, ஸ்ரீரங்கத்தில் மாடி எடுத்து, அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். வீட்டிலிருந்தே செய்யும் வேலை ஒன்றும் கிடைத்தது.

அந்த வேலையைச் சொல்ல வேண்டும். சினிமாவிலும் சீரியலிலும் ஐம்பது பேர் கூடி வாசிப்பது போல் ஓர் இசை எழும்புகிறதே, பெரும்பாலும் அங்கே ஐம்பது பேர் இல்லை. ஒருவர் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். எங்கோ ஒரு தேசத்தில் ஒரு கலைஞர் தன் வாத்தியத்தின் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக, மெல்ல ஒரு தடவை, ஓங்கி ஒரு தடவை, நீட்டி ஒரு தடவை என்று ஊதிப் பதிந்து கொடுத்திருப்பார். அந்தத் துண்டுக்கு சாம்பிள் என்று பெயர். கட்டையை அமுக்கினால் துண்டு ஒலிக்கும். ஊதுகிறவருக்கும் அமுக்குகிறவருக்கும் நடுவில் ஒருத்தி உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டும் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று வெட்டுகிறாள். நாற்காலியின் கிறீச், வாத்தியத்தின் சாவிகளில் விரல் படும் டக்டக், ஊதுவதற்கு முன் உள்ளே இழுக்கும் மூச்சு, எல்லாவற்றையும் நீக்குகிறாள். அந்த ஒருத்தி செல்லக்கிளி.

நிறுவனம் வெளிநாட்டில் இருந்தது. பெங்களூரில் ஒரு சின்ன அலுவலகம். அங்கே வேலையைப் பிரித்துக் கொடுக்கிற அருள்ராஜ், திருச்சி பாலக்கரைக்காரர். யாரிடமும் கிடைக்காத அபூர்வக் காற்று வாத்தியங்களாகத் தேடித்தேடிப் பதிவதுதான் அந்த நிறுவனத்தின் பெருமை. ஆள் உயரத்துக்கு வளைந்து நின்று அடிக்குரலில் ஒலிக்கும் பாஸ் புல்லாங்குழல் வந்தது. தரையை அதிரவைக்கும் ராட்சதக் கிளாரினெட் வந்தது. அதை அவள் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்த அன்று, கீழ்வீட்டுக்காரர் பீமராவ் படியேறி வந்து, “மாடியில எருமை ஏதாவது கட்டியிருக்கியாம்மா?” என்று கேட்டார். அவர் வீட்டு அலமாரியில் டம்ளரெல்லாம் பேச ஆரம்பித்துவிட்டதாம்.

அம்மா இறந்தது அந்தச் சமயத்தில்தான்.

காரியமெல்லாம் முடிந்து, தம்பி குடும்பம் மருங்காபுரிக்கு பஸ் ஏறிய மறுநாள், அருள்ராஜிடமிருந்து புது வாத்தியத்தின் கோப்புகள் வந்தன. ஹெக்கல்ஃபோன். நம் நாதஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதுவது. நான்கடி நீளம், அடியில் பூசணிப்பிஞ்சு போல் ஒரு உருண்டை. உலகம் முழுக்கத் தேடினாலும் இருநூறு தேறுவது சிரமம் என்கிறார்கள். குரல், தொண்டை கட்டிய ஒரு பெரிய மனிதர் ரகசியம் சொல்வது போல இருக்கும்.

(* இந்த உவமை என்னுடையது. செல்லக்கிளியிடம் கேட்டபோது, “மரக்கதவு திறக்கிற மாதிரி இருக்கும் சார், ஆனா சுருதியா” என்றாள். அவளுடையது மேல்.)

4

அந்த வருஷம் முழுக்க அவள் ஒரே ஒருவரோடுதான் வாழ்ந்தாள்.

காலையில் காப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அவர் வந்து நாற்காலியை இழுத்துப் போடுவார். தொண்டையைச் செருமுவார். சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்தும் சின்னச் சத்தம். பிறகு மூச்சு இழுப்பார். பிறகு சுரம். பேச்சையெல்லாம் நிறுவனமே முன்கூட்டி நீக்கி அனுப்பிவிடும் என்பதால் அவர் குரல் எப்படி என்று தெரியாது. ஆனால் மற்றதெல்லாம் தெரியும். ஓங்கி ஊத வேண்டிய சுரத்துக்கு முன் அவர் ஒரு காலை நகர்த்தி ஊன்றிக்கொள்வார். சுரம் மனசுக்குப் பிடித்தமாக வந்துவிட்டால் முடிந்த பிறகு மூக்கால் லேசாகச் சிரிப்பார். சாப்பாட்டுக்கு முந்தின பதிவுகளில் வயிறு இரைவது கேட்கும். “சாப்பிட்டுட்டு வாங்களேன்” என்று செல்லக்கிளி வாய்விட்டுச் சொன்னதுண்டு. வீட்டில் அவள் குரல் அன்றைக்கு முதல்முறையாக ஒலித்தது அப்போதுதான் என்று, சொல்லி முடித்த பிறகே அவளுக்கு உறைக்கும்.

இவற்றையெல்லாம் வெட்டி எறிவதுதான் அவள் வேலை. காலையிலிருந்து ஒருவர் கூடவே இருப்பாள். சாயங்காலத்துக்குள் அவர் இருந்த தடயமே இல்லாமல் துடைத்துவிடுவாள். வெறும் சுரம் மட்டும் மிஞ்சும். அதைத்தான் அனுப்ப வேண்டும்.

பங்குனி வாக்கில் அருள்ராஜ் கூப்பிட்டார்.

“கிளி, ஒரு கம்ப்ளைன்ட்ங்க. நீட்டி ஊதின சுரமெல்லாம் நீளம் பத்தலையாம். முதல்ல வந்ததெல்லாம் நல்லா இருந்துச்சு, இப்ப வர்றது சீக்கிரம் முடிஞ்சிடுது. நீங்க லூப் போட்டு இழுத்துடுங்க.”

லூப் என்றால், சுரத்தின் நடுப்பகுதியை எடுத்து அதன் வாலை அதன் தலையோடு ஒட்டுவது. ஒட்டு தெரியாமல் போட்டுவிட்டால் கட்டையை அமுக்கியிருக்கும் வரை சுரம் நிற்காது. மனிதர் யாரும் ஊத முடியாத நீளத்துக்கு ஊதிக்கொண்டே இருக்கும்.

லூப் போட உட்கார்ந்தவள், ஏன் நீளம் குறைகிறது என்று பார்க்க ஆரம்பித்தாள். பழைய கோப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். சுரம் மட்டுமல்ல, சுரத்துக்கு முந்தின மூச்சும் மாறியிருந்தது. முன்பு ஒரே இழுப்பு. இப்போது இரண்டாக உடைந்த இழுப்பு. அதன் கடைசியில் மிக மெல்லிய ஒரு பொரிச்சல்.

காதருகே நாலு முடியைச் சேர்த்து விரலுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். அந்தச் சத்தம்.

செல்லக்கிளி ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டாள். கடைசி வருஷத்தில் அம்மாவுக்கு முதலில் இரண்டு தலையணை வேண்டியிருந்தது, பிறகு மூன்று, பிறகு சாய்ந்து உட்கார்ந்தேதான் தூக்கம். நுரையீரலில் நீர் கோர்க்கும்போது மூச்சின் நுனியில் அந்தப் பொரிச்சல் வரும். டாக்டர் குழாய் வைத்துக் கேட்டதை அவள் அம்மா முதுகில் காதை வைத்துக் கேட்டிருக்கிறாள்.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். உங்களுக்கும் வந்திருக்கும்.

தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கேட்டேன். எட்டடி தூரத்தில் நிற்கும் மைக்கில் அந்தப் பொரிச்சல் விழ வாய்ப்பு மிகக் குறைவு என்றார். சீவாளியில் எச்சில் தேங்கினாலும் அப்படிக் கேட்குமாம். அப்படியானால் செல்லக்கிளி கேட்டது எதை? அவரையா, அம்மாவையா? ஆறு மாதமாக யாரோடும் பேசாத ஒருத்தி, ஹெட்ஃபோனுக்குள் தனக்கு வேண்டியவரைக் கேட்டுக்கொண்டாளா?

இதை அவளிடமே கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை.

“எனக்கும் அதே பயம்தான் சார். அதனாலதான் கீழ போனேன்” என்றாள்.

அதற்கு முன் அருள்ராஜிடம் சொல்லிப் பார்த்தாள்.

“அவருக்கு உடம்பு சரியில்லைங்க. யாராச்சும் சொல்லணும்.”

“யாருக்கு?”

“ஊதுறவருக்கு. மூச்சு சரியில்ல. நெஞ்சுல தண்ணி கோத்திருக்குன்னு நினைக்கிறேன்.”

அருள்ராஜ் சொன்னார்: “கிளி, நம்ம வேலை வெட்டுறது. வைத்தியம் பாக்குறது இல்ல. வாசிக்கிறவங்களோட நாம பேசவே கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுத்தான் சேந்திருக்கோம். எனக்கும் பிள்ளைக்குட்டி இருக்குங்க.” பிறகு குரலை இறக்கி, “அம்மா போனதுலேர்ந்து ஒரு நாள் கூட லீவு எடுக்கல நீங்க. நாலு நாள் ஊருக்குப் போயிட்டு வாங்களேன்” என்றார்.

நல்ல மனிதர்தான். அவர் சொன்னதுதான் சரியோ என்று இருந்தது அவளுக்கு. ஊருக்குப் போகவில்லை. வெட்டி எறிந்த மூச்சுகளெல்லாம் கம்ப்யூட்டரின் குப்பைக்கூடையில் இன்னும் இருந்தன. அவற்றை எடுத்து, முதல் பதிவிலிருந்து கடைசிப் பதிவு வரை வரிசையாக ஒட்டினாள். சுரமே இல்லை. மூச்சு, மூச்சு, மூச்சு. சில நிமிஷம் ஓடும் ஒரு கோப்பு. அதைச் செல்போனில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினாள்.

பீமராவ் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மனைவி போன பிறகு அவரே சமைத்துக்கொள்கிறவர். ஒன்றும் விளக்காமல், “சார், இதக் கொஞ்சம் கேளுங்களேன்” என்று போனை அவர் காதருகே வைத்தாள்.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். முதலில் புரியாமல் சிரித்தார். பிறகு கத்தியைக் கீழே வைத்தார். பாதி தாண்டியதும் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“யாரும்மா இது? மாடியில யார் இருக்கா?”

“யாரும் இல்ல சார்.”

“ரொம்ப மூச்சு வாங்கறதே. படுக்க வைக்காதே, சாய்ச்சு உக்கார வை. ஆட்டோ கூப்பிடட்டுமா?” என்று எழுந்தே விட்டார். வேட்டியிலிருந்து அவரைக்காய்க் காம்புகள் உதிர்ந்தன.

அவரை உட்காரவைத்து, ஒன்றுமில்லை, வெளிநாட்டில் யாரோ, பதிவு செய்தது என்று சொல்லிப் புரியவைக்க வெகுநேரம் ஆயிற்று. புரிந்த பிறகும் அவர் சொன்னார்: “யாரா இருந்தா என்ன. சொல்லிடு.”

6

செல்லக்கிளி அந்தக் கோப்பை நிறுவனத்தின் முதலாளிக்கே நேராக அனுப்பினாள். கூடவே ஆங்கிலத்தில் சில வரி. இது நீங்கள் நீக்கச் சொன்ன மூச்சுகள். முதலிலிருந்து கடைசி வரை கேளுங்கள். இவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

பதில் வரவில்லை. புதிய கோப்புகளும் வரவில்லை. வாத்தியத்தில் ஆகக் கீழே உள்ள நான்கு சுரங்கள் மட்டும் பதிவாகாமல் பாக்கி நின்றன. வெறும் அறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பழைய பதிவுகளைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சித்திரைத் தேருக்கு ஊரே கூடியிருந்தது. மெத்தையையும் மீறி ஜனங்களின் சத்தம் வந்தது. அவள் இறங்கிப் போகவில்லை.

[இந்த இடத்தில் அவளை ஒரு நடை முக்கொம்புக்கு அனுப்பி, ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் நிறுத்திவைத்து, மனசுக்குள் எதையாவது நினைக்க வைக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதினேன். ‘நான் போகவே இல்லையே சார்’ என்றாள். கிழித்துவிட்டேன்.]

அருள்ராஜ் ஒரு நாள் கூப்பிட்டார். குரலில் கோபமில்லை, அலுப்புதான்.

“என்னங்க பண்ணி வச்சிட்டீங்க. பதிவ நிறுத்திட்டாங்க. நாளைக்கு ஸ்டூடியோவுல ஏதாச்சும் ஆயிட்டா யார் பொறுப்புன்னு வக்கீல் சொல்லிட்டாராம். அவங்கள இனிமே உள்ள விடக் கூடாதுன்னு ஆயிருச்சு.”

“அவங்களா?”

“லேடிங்க. எழுபது வயசுக்கு மேல. அவங்களுக்குத் தெரியும் கிளி. ஒரு வருஷமா தெரியுமாம். இருதயம் ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டர் சொன்ன பிறகுதான், மூச்சு இருக்கும்போதே முழு வாத்தியத்தையும் பதிஞ்சு வச்சிடணும்னு அவங்களாவே இதுக்கு வந்திருக்காங்க. யார்கிட்டயும் சொல்லாம. நீங்க அனுப்பினதக் கேட்டுட்டு...”

“என்ன சொன்னாங்க?”

“இன்னும் நாலு சுரம்தான் பாக்கி இருந்துச்சு, அத முடிக்க விட்டிருக்கலாமேன்னாங்களாம்.”

செல்லக்கிளி போனை வைத்துவிட்டாள். இதை என்னிடம் சொன்னபோது அவள் பார்வை என் மேல் இல்லை. அன்றைக்கு என்ன செய்தாள் என்று கேட்டேன். அடுப்பில் பால் வைத்திருந்தாளாம். பொங்கி வழிந்து, அணைந்து, கேஸ் நாற்றம் வந்து பீமராவ் கதவைத் தட்டும் வரை உட்கார்ந்தே இருந்தாளாம்.

7

அருள்ராஜைப் பற்றி நான் கொஞ்சம் அவசரமாக எழுதிவிட்டேன். பிள்ளைக்குட்டி இருக்கிறது என்று பயந்த அதே மனிதர்தான், செல்லக்கிளி நாலைந்து முறை கெஞ்சிய பிறகு, அந்த அம்மாளின் எண்ணை அனுப்பினார். “நான் கொடுக்கலைங்க” என்று ஒரு வரியோடு.

வீடியோ அழைப்பு. மதிய வெயில் இங்கே, அங்கே காலை. திரையில் ஒரு சமையலறை, வெட்டிய வெள்ளை முடி, பெரிய மூக்கு, உயரமான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த ஒரு அம்மாள். அந்த அம்மாள் ஜெர்மன்காரர். ஆங்கிலம் அவருக்கும் அரைகுறை, இவளுக்கும் அரைகுறை. இனி அவர்கள் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். அதிலிருந்த தடுமாற்றத்தை நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

செல்லக்கிளி மன்னிப்புக் கேட்டாள். அவர் கையை வீசி அதைத் தள்ளினார்.

“என் மூச்சு என்னுடையது. அதை எதில் செலவழிப்பது என்று நான் சொல்ல வேண்டும். நீ இல்லை.”

“ஆமாம்.”

“கோபம் இருக்கிறது.”

“ஆமாம்.”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மாதக்கணக்கில் கேட்ட மூச்சு அந்த முகத்திலிருந்துதான் வருகிறது என்பதைச் செல்லக்கிளியால் நம்ப முடியவில்லை. அவரைப் பற்றி அவள் மனசுக்குள் வைத்திருந்த உருவம், எப்படியோ, கொஞ்சம் அப்பா பிச்சமுத்துவின் சாயலில் இருந்தது.

பிறகு அவர் கேட்டார்: “அந்தச் சத்தத்தை என் டாக்டரே குழாய் வைத்துத்தான் கேட்டார். உனக்கு எப்படித் தெரிந்தது? நீ யாரை அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாய்?”

செல்லக்கிளிக்கு ஆங்கிலச் சொல் வரவில்லை.

“அம்மா” என்றாள்.

அவர் தலையசைத்தார். விளக்கம் கேட்கவில்லை. உடைந்த இரண்டு இழுப்பில் ஒரு மூச்சு வாங்கினார். ஹெட்ஃபோன் இல்லாமலே கேட்டது.

செல்லக்கிளிதான் சொன்னாள்: “வீட்டிலேயே ஊதி அனுப்புங்கள். போனில் பதிந்தால் போதும். எந்தச் சத்தம் கூட வந்தாலும் நான் எடுத்துவிடுகிறேன். யாருக்கும் தெரியாது.”

8

முதல் சுரம் வந்தபோது அதில் ஃப்ரிட்ஜ் உறுமியது, சுவர்க்கடிகாரம் அடித்தது, வெளியே டிராம் போயிற்று. ஊதிப் பிசகிய ஓர் இடத்தில் “நொக் மால்” என்று ஒரு குரல். இன்னொரு தடவை என்று அர்த்தம். செல்லக்கிளி நாள்கணக்கில் உட்கார்ந்து ஃப்ரிட்ஜைப் பிரித்தெடுத்தாள். டிராமை எடுத்தாள். அருள்ராஜ் அதை ஸ்டூடியோவில் முன்பே பதிந்து விடுபட்ட கோப்பு என்று சொல்லி உள்ளே சேர்த்துவிட்டார். யாரும் கேட்கவில்லை.

கீழே போகப் போக அந்த வாத்தியம் காற்றை அதிகம் கேட்கும். இரண்டாவது சுரத்துக்கு அவர் பல நாள் எடுத்துக்கொண்டார். அதன் முன்னால் இருந்த மூச்சை நான் கேட்டேன். செல்லக்கிளி போட்டுக் காட்டினாள். பொரிச்சல் எனக்குக் கேட்டதா என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. ஆனால் மாடிப்படியில் நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிற ஒருவர் அதில் இருந்தார்.

மூன்றாவது வந்தது. இன்னும் மோசம். இந்தத் தடவை செல்லக்கிளி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. போதும், நிறுத்துங்கள் என்று எழுதவில்லை. ‘நன்றாக இருக்கிறது, அடுத்ததை அனுப்புங்கள்’ என்றுதான் எழுதினாள். எழுதிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

“ரெண்டுல எது சார் சரி?” என்று என்னைக் கேட்டாள். “அன்னைக்கு நான் சொன்னதா, இப்ப சொல்லாம இருக்கிறதா?”

எழுதுகிறவனிடம் இப்படிக் கேட்பது நியாயமில்லை. நான் பீமராவ் கொடுத்தனுப்பியிருந்த ரவா லாடைப் பிட்டுக்கொண்டிருந்தேன்.

9

முடிவுகள்.

அ. நான்காவது சுரம் வருகிறது. செல்லக்கிளி அதைச் சுத்தம் செய்து அனுப்புகிறாள். வாத்தியம் முழுமையாகிறது. எங்கோ ஒருவர் அதை வாங்கி, ஒரு டிவி சீரியலில் மாமியார் கதவைத் திறந்துகொண்டு வரும் இடத்தில் அந்தக் கட்டையை அமுக்குகிறார். லூப் போட்ட சுரம் அது. விளம்பர இடைவேளை வரை நிற்காமல் ஒலிக்கிறது. வீடுவீடாகக் கேட்கிறார்கள், யார் மூச்சு என்று தெரியாமல்.

ஆ. வரவில்லை. நிறுவனம் மூன்றாவது சுரத்தைக் கம்ப்யூட்டரில் தாழ்த்தி நான்காவதாக வைத்துவிடுகிறது. வித்தியாசம் உலகத்தில் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

இ. வருகிறது. திறந்தால், மூச்சு இழுப்பது மட்டும் இருக்கிறது. அதற்குப் பிறகு சுரம் இல்லை, டிராம் மட்டும்

இது எழுத்தாளன் முடிவு. அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

போன வெள்ளிக்கிழமை இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். வாசித்துக் காட்டினேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, “வந்துடுச்சு சார்” என்றாள்.

“எப்ப?”

“வந்து கொஞ்ச நாளாச்சு. தொறக்கல.”

“ஏம்மா?”

அவள் திரையைக் காட்டினாள். கோப்பின் பெயர், வந்த தேதி. அதற்குப் பிறகு அந்த அம்மாளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அருள்ராஜ் விசாரித்துச் சொல்கிறேன் என்றாராம். வேண்டாம் என்று தடுத்துவிட்டாளாம்.

“தொறந்தா கேட்டுடுவேன் சார். எந்த நிலையில இருக்காங்கன்னு எனக்குத் தெரிஞ்சுடும். அப்பறம் வெட்டணும். வெட்டி அனுப்பிட்டா முடிஞ்சுது. நாளைக்குக் காலையில நான் யாரோட உக்காந்திருப்பேன்?”

அவளாகவே ஹெட்ஃபோனைக் கழுத்திலிருந்து எடுத்தாள். அதன் பஞ்சு கிழிந்து, கறுப்புத் துணி வைத்துத் தைத்திருந்தது.

“நீங்க கேளுங்களேன். கேட்டுட்டு எனக்கு ஒண்ணும் சொல்லாதீங்க. உங்க முகத்தப் பாத்தே தெரிஞ்சுக்கறேன். தாங்கற மாதிரி இருந்தா நான் கேக்கறேன்.”

நான் வாங்கிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். ஆளில்லாத வீட்டுக்குத்தான் நானும் பஸ் ஏறியாக வேண்டும். என் முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது. போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

ஆகவே அந்த ஹெட்ஃபோன் இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது. அவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டிருக்கிறாள். யார் வந்தாலும் சரி என்கிறாள், முகம் தெரிந்தால் போதும்.

மாட்டிக்கொள்ளுங்கள். அவள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.